கண்டிக்குக் குரல் கொடுத்த ரசிகர்

படம் பார்த்து அபிப்பிராயம் கூறுவோர் இருவகையினர். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் நன்று, தீது என்று தீர்ப்புக் கூறிவிட்டு வீடு திரும்புவோர் ஒரு வகையினர். தாம் நன்று என்று கண்டது பிறர் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காகக் கைப்பொருளையும் காலத்தையும் செலவிட்டு, வேண்டுமாயின் தாமே களத்தில் இறங்கி உழைப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்கு எக்காலத்திலும் பஞ்சம் இல்லை. இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவர் இலங்கையில் வாழ்ந்தார். லயனல் வெண்ட் என்பது அவர் பெயர். கொழும்பில் அவர் பெயரால் வழங்கும் அரங்கை அறிந்தோர் பலர். கண்டிக்கு அவர் ஆற்றிய பணியை அறிந்தோர் சிலரே. பல ஆண்டுகளாகப் புதுப்படங்களைப் பற்றி எழுதி வருபவன் என்ற முறையிலும், கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் பிறந்தவன் என்ற முறையிலும், அவருக்கு நான் பட்டுள்ள கடனையும், அவரோடு எனக்குள்ள ஒரு வழக்கையும் இங்கே எழுத விரும்புகின்றேன்.

வெண்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே பறங்கியர் குடும்பம் ஒன்றில் தோன்றினார். தந்தையார் ஹென்றி லொரென்ஸ் வெண்ட் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். அந்நாளிலேயே புகைப்படக் கலையில் பற்றுக் கொண்டவர். தாயார் அமேலியா, டி சேரம் என்னும் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் தந்தையும் 1918இல் தாயும் காலமாயினர். இருபது வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்த இளைஞர் அடுத்த ஆண்டே இங்கிலாந்து சென்றார். குல வழக்கப்படி சட்டம் பயின்றார். மன விருப்பப்படி இலண்டன் ராயல் இசைக் கழகத்திலே பியானோ பயின்றார். 1924இல் தாயகம் திரும்பிய போது அவர் பாரிஸ்டர். ஆயினும் நீதிமன்றப் படிகளில் அவர் நெடுங்காலம் ஏறி இறங்கவில்லை. சங்கீதம் அவரைத் தன்பால் இழுத்துக்கொண்டது.

அந்நாளையக் கொழும்பின் மேல்வகுப்பினர் இலண்டனின் பழைய நாகரிகத்தைப் புதியதென்று எண்ணிப் பின்பற்றிய காலம் அது. சித்திரம் என்றால் பிரிட்டிஷ் வரவேற்பறைச் சித்திரம்; சங்கீதம் என்றால் சென்ற நூற்றாண்டுச் சங்கீதம்; நாட்டின் சொந்தக் கலைகளோ, கிராமத்தார் விஷயம். வெண்ட் இந்த நிலையை இருபுறத்தினின்றும் தாக்கினார். ஒருபுறம் ஐரோப்பாவின் மிகப் புதிய இசையையும் நூல்களையும் கொழும்புக்குக் கொணர்ந்தார். மறுபுறம் தம் காலடியில் கிடந்த இந்நாட்டுக் கலைகளைக் குனிந்து நோக்கினார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாக வெள்ளவத்தையில் வந்து தங்கியிருந்த இளங்கவிஞர் பாப்லோ நெரூடாவுக்குத் தனிமையே துணையாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் புதிய நூல்களைச் சைக்கிளில் அவருக்கு அனுப்பிவைத்தவர் வெண்ட். பிற்காலத்தில், 1971இல், நோபல் பரிசு பெற்ற அக்கவிஞர் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதியபோது இலங்கை நண்பர் வெண்டை மறக்கவில்லை.

கண்டிக்கும் வெண்டுக்கும் உறவு ஏற்படக் காரணமானவர்களுள் முதலில் கூறத்தக்கவர் ஓவியர் ஜோர்ஜ் கீட். 1901இல் கண்டியில் பிறந்து அங்குள்ள திரினிற்றிக் கல்லூரியில் படித்தவர் அவர். மல்வத்தை விகாரையின் அயலிலே வளர்ந்து, பிக்குமாரிடம் பௌத்தத்தையும் பழங்கதைகளையும் அறிந்தவர். பறங்கியர் வீட்டில் பிறந்த இருவரும் இந்நாட்டுக் கலையின் உயிர்நிலையைத் தேடிப் புறப்பட்டது, தற்செயலாக நேர்ந்தது என்று நான் கருதவில்லை. இரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்றவர்கள் அவர்கள். ஆங்கிலேயர் தம்மவர் என்று அவர்களை ஏற்கவில்லை. கிராமத்தாரும் தம்மவர் என்று எண்ணவில்லை. ஆகவே இரண்டையும் எட்ட நின்று பார்க்கும் கண் அவர்களுக்கு வாய்த்தது. விமர்சகனுக்கு முதலில் வேண்டுவது அந்தக் கண்ணே.

கண்டி நடனம் இன்று உலகறிந்த பொருள். விளம்பரச் சுவரொட்டி முதல் உல்லாச விடுதி மேடை வரை, வெஸ் என்னும் வெள்ளித் தலையணி தரித்த ஆடவரின் உருவம் காட்சி தருகிறது. 1930ஆம் ஆண்டளவில் நிலைமை வேறு. கோஹொம்ப கங்காரிய என்னும் நீண்ட வேண்டுதற் சடங்கிலும், எசலப் பெரஹராவிலும் ஆடிவந்த அக்கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மேளம் வாசித்த குலத்தினர். சாதிப் படியிலே தாழ்வாக மதிக்கப்பட்டவர்கள். ஆங்கிலம் கற்றோர் அவர்களைக் கலைஞர் என்று அழைக்கக் கூசிய நாளில், வெண்ட் அவர்களைத் தேடிச் சென்றார். கண்டிக்கு அண்மையிலுள்ள அமுனுகம கிராமத்துச் சுரம்பா, நித்தவெலக் குணயா, உக்குவா முதலிய பெருங்கலைஞரின் ஆட்டத்தையும் மேளத்தையும் அவர் பியானோ வித்துவானின் செவியோடு கேட்டார். ஐரோப்பாவின் புதிய இசைஞர் எந்தத் தாள நுட்பத்தைத் தேடி அலைந்தனரோ, அது மகாவலிக் கரையிலே நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருவதை உணர்ந்துகொண்டார்.

இந்நிலையில்தான் 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேசில் ரைட் என்னும் இளைஞர் ஒரு காமெராவுடன் இலங்கைக் கரையில் வந்திறங்கினார். ஆங்கில விவரணப் படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் கிரியர்சனின் மாணாக்கர் அவர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையார் தம் சரக்கை விளம்பரம் செய்ய நான்கு சிறு படங்கள் எடுத்துத் தருமாறு கேட்டிருந்தனர். ரைட் வெண்டைச் சந்தித்தார். வந்த காரியம் உருமாறிற்று. எங்கே போகவேண்டும், எதைப் பார்க்கவேண்டும், எவரைக் காணவேண்டும் என்று வழிகாட்டியவர் வெண்ட். விளம்பரத்துக்கென எண்ணிய நான்கு துண்டுகள் நான்கு பகுதிகளைக் கொண்ட ஒரே படமாயின. ஏறத்தாழ நாற்பது நிமிஷம் ஓடும் அப்படத்தின் பெயர் ‘சோங் ஒவ் சிலோன்’. இலங்கை கீதம் என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

படத்தைப் பாராத வாசகர்க்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். முதற் பகுதி, புத்தர். சிவனொளிபாதமலை மீது யாத்திரிகர் ஏறுகின்றனர், மணி ஒலிக்கிறது, ஒலியின் அலையோடு ஒரு பறவை எழுந்து நீர்ப்பரப்பின் மேலே பறந்து செல்கிறது, பொலன்னறுவைக் கற்சிலைகளின் அமைதியிலே காட்சி சென்று தங்குகிறது. இரண்டாம் பகுதி, கன்னித் தீவு. உழவு, நெசவு, குயவு, நடனம் பயிலும் சிறுவர் எனக் கிராம வாழ்வு காட்டப்படுகிறது. மூன்றாம் பகுதி, வாணிகத்தின் குரல்கள். நான்காம் பகுதி, தெய்வத்தின் ஆடையணி. கண்டிய ஆடற் கலைஞர் உடையணிந்து மேளத்துக்கு இயைய ஆடுவதோடு படம் உச்சத்தை அடைந்து, தொடக்கத்தில் கண்ட இலைகளின் இருளிலே மீண்டும் மறைகிறது.

ரைட் கொணர்ந்த காமெரா ஓசையைப் பதிவு செய்யாதது. ஆகையால் படத்தின் ஒலி முழுவதும் பின்னர் இலண்டனிலே அமைக்கப்பட்டது. வோல்ற்றர் லீ என்பவர் இசை வகுத்தார். வருணனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது றொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1681இல் வெளியிட்ட நூல். 1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபதாண்டுகள் சிறையிருந்தவர் நொக்ஸ். கம்பிக்குப் பின்னால் அடைபட்ட சிறையன்று அது. கிராமத்தாருடன் கூடி வாழ்ந்த சிறை. கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்த அவர், 1679இல் காட்டுவழியே தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். கண்டிய மக்கள் எவ்வாறு உழுதனர், எவ்வாறு உண்டனர், எதனை வணங்கினர் என்று அவர் எழுதிவைத்த சொற்களையே, இரண்டரை நூற்றாண்டு கழித்து அதே கிராமங்களின் காட்சி திரையில் விரியும்போது நாம் கேட்கின்றோம்.

அச்சொற்களை வாசிப்பவர் லயனல் வெண்ட். ஏற்றமும் இறக்கமும் இல்லாது, அவசரம் இல்லாது, தூரத்தினின்று வருவதுபோன்ற குரல் அது. அக்காலத்துச் செய்திப் படங்களில் முழங்கிய அதிகாரத் தொனி அதில் சிறிதும் இல்லை. இலங்கையைப் பற்றி ஆங்கிலேயர் எடுத்த படத்தில் இலங்கையர் ஒருவரின் குரல் ஒலித்தது என்பதே அந்நாளில் புதுமை. பழங்கண்டியைப் பற்றி அந்நியன் எழுதியதை இந்நாட்டவர் ஒருவர் தம் மூச்சினால் தம்முடையதாக்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றும்.

1935இல் பிரசல்ஸ் நகரில் நடந்த படவிழாவில் இப்படம் பரிசு பெற்றது. அதே ஆண்டில் இலண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் புதுப்படங்களை விமர்சித்து வந்த கிரஹாம் கிரீன் இதன் கட்டுக்கோப்பை வியந்து எழுதினார். பிற்காலத்தில் புகழ்மிக்க நாவலாசிரியராக விளங்கிய கிரீன் எளிதில் மனங்கனியும் விமர்சகர் அல்லர். நட்சத்திரங்கள் நிறைந்த பெரும்படங்களை இரக்கமின்றி அறுத்துக் கூறியவர். மணியோசையும் பறவையும் சேர்ந்து வரும் அந்தக் காட்சியில் அவர் கண்ட நயத்தை இன்று காண்போரும் உணர்வர்.

நிற்க. இனி என் வழக்குக்கு வருகின்றேன்.

என் பாட்டி அந்த ஆண்டுகளில் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கொழுந்து பறித்தவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுத் தொடங்கிவைத்த தொழில் அந்த மலைகளிலிருந்துதான் நாடு முழுவதும் பரவிற்று. மதுரை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழ்க் கூலிகளின் உழைப்பிலே அது பரவிற்று. மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியே கண்டிக்கு நடந்து வந்தவர்கள் எத்தனை ஆயிரம்; வழியிலே மடிந்தவர்கள் எத்தனை ஆயிரம். ‘இலங்கை கீதம்’ படத்துக்குப் பணம் தந்ததும் தேயிலையே. ஆயின் அந்தத் தேயிலையைப் பறித்த மக்கள் படத்தில் எங்கே இருக்கின்றனர்?

மூன்றாம் பகுதியில் இருக்கின்றனர். கொழுந்து பறிக்கும் கைகள் தெரிகின்றன. ஆனால் அங்கே கேட்பது அவர்களின் குரல் அன்று. நொக்ஸின் கனிந்த வருணனையும் அன்று. விலைவாசி அறிவிக்கும் குரலும், வர்த்தகக் கடிதம் சொல்லி எழுதுவிக்கும் குரலும், கப்பற் செய்தியும் அந்த மலைச்சரிவுகளின் மேலே ஒலிக்கின்றன. கண்டியக் கிராமத்தானுக்குப் பழமை உண்டு, சடங்கு உண்டு, நடனம் உண்டு, வருணிக்க ஒரு நூலும் உண்டு. கொழுந்து பறிப்பவளுக்கோ ஊர் இல்லை, பாட்டு இல்லை, தெய்வம் இல்லை. லயத்துக் காம்பராவில் அவள் ஏற்றிய விளக்கும், மாசியில் நடந்த காமன் கூத்தும், தப்பின் ஓசையும் அந்த நாற்பது நிமிஷத்தில் இடம் பெறவில்லை. இத்தனைக்கும் படம் எடுக்கப்பட்ட அதே 1934இல் இலங்கை அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழரான பெரி சுந்தரம். கண்டித் திரினிற்றிக் கல்லூரியில் படித்தவர் அவர். வாணிகத்தின் குரல்கள் என்று பெயரிட்ட பகுதியில் அம்மக்களின் குரல் இல்லாதது, அப்படி ஒரு குரல் நாட்டில் இல்லாமையினால் அன்று.

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு. அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு. வளைந்த முதுகுகளின் மேலே விலைவாசிக் குரலை ஒலிக்கச் செய்தது ஓர் உத்தி; வணிகம் மனிதரை எப்படி எண்ணிக்கையாக்குகிறது என்பதை விளம்பரதாரரின் பணத்தைக் கொண்டே அவர்களுக்கு எதிராகக் காட்டினார் ரைட் என்பர். படத்தைப் பலமுறை பார்த்தபின் இதை நான் ஒப்புக்கொள்கின்றேன். தேயிலையின் பெருமையைப் பாடவந்த படம் தேயிலைக்குப் புகழ்மாலை சூட்டவில்லை. ஒரு விளம்பரப் படத்துக்கு அது பெரிய துணிவே. ஆயினும் ஒருவனை எண்ணாக்கிவிட்டார்கள் என்று இரங்குவது ஒன்று. அவன் பெயரைக் கேட்டு எழுதுவது வேறொன்று. சுரம்பாவின் பெயரையும் குணயாவின் பெயரையும் நாம் அறிவோம். கொழுந்து பறித்த எவர் பெயரையும் அறியோம்.

இந்தக் குறையை வெண்டின் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. அவர் படத்தின் கர்த்தா அல்லர். அவர் கண்டியை நோக்கி நடந்த தூரமே அவர் வகுப்பினர் எவரும் அந்நாளில் நடக்கத் துணியாதது. ஒரு மனிதர் ஒரு வாசலைத் திறந்தார் என்றால், எல்லா வாசல்களையும் ஏன் திறக்கவில்லை என்று கேட்பது எளிது. ஆனால் கண்டிக் கிராமங்களுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலைச் செடியும் லயங்களும் நிற்கின்றன. கூர்மையான கண்ணும் அந்த லயங்களைக் கடந்தே சென்றது என்பதை எழுதிவைப்பது நம் கடமை.

படத்துக்குப் பின் வெண்ட் புகைப்படக் கலையில் முழுமூச்சாக ஈடுபட்டார். 1934இல் இலங்கைப் புகைப்படக் கழகம் தோன்ற முன்னின்று உழைத்தார். 1938இல் இலண்டனில் அவருடைய படங்களைக் கொண்ட தனிக் கண்காட்சி நடந்தது. கிராமத்து முகங்கள், உழைக்கும் உடல்கள், பழஞ்சிற்பங்கள், நிழலும் ஒளியும் மயங்கும் கனவுக் காட்சிகள் என அவர் எடுக்காத பொருள் இல்லை. இரசாயன முறையால் ஒளியைத் தலைகீழாக்கியும், பல படங்களை ஒன்றாகப் பொருத்தியும் அவர் செய்த சோதனைகள் ஐரோப்பியப் புதுமையாளருக்குச் சற்றும் பின்னிட்டவை அல்ல.

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், கொழும்பு கில்ட்போர்ட் கிறெசென்றில் இருந்த அவரது இல்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். பழைய கலைச் சங்கத்தின் கட்டுப்பெட்டித்தனத்தை மறுத்து அவர்கள் அமைத்த குழுவே ’43 குழு. கண்டி ஜோர்ஜ் கீட்டும், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ முதலியோரும் அதில் இருந்தனர். எஸ். ஆர். கனகசபை என்னும் தமிழரும் அதில் அங்கம் வகித்தார். வெண்ட் அன்று தூரிகை பிடிக்கவில்லை. பிறர் தூரிகை பிடிப்பதற்கு வீட்டையும் பொருளையும் செல்வாக்கையும் தந்தார்.

அக்குழுவின் வளர்ச்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1944 டிசம்பர் 19ஆம் நாள், நாற்பத்து நான்கு வயது நிரம்பிய சில நாட்களில், மாண்டுபோனார். அவர் எடுத்த படங்களின் மூல நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய பிரதிகளிலிருந்து தொகுத்த நூல் 1950இல் இலண்டனில் வெளிவந்தது. 1953இல் அவர் வாழ்ந்த வீடிருந்த இடத்தில் அவர் பெயரால் அரங்கம் எழுந்தது.

அவர் மறைந்து மூன்றாண்டுக்குள், 1947இல், முதலாவது சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொறொந்துவ’ வெளிவந்தது. அது மதுரையிலே ஸ்டூடியோச் சுவர்களுக்குள் எடுக்கப்பட்டது. ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்து வெயிலுக்குக் காமெராவைக் கொண்டுசென்றவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அவருடைய ‘ரேகாவ’ வெளிவந்தது 1956இல். ’43 குழுவின் ஐவன் பீரிஸ் அவருடைய தம்பி. ஆகவே கண்டிக் கிராமங்களில் வெண்ட் காட்டிய வழி வீணாகவில்லை. மலையகத் தமிழரின் வாழ்வைத் தமிழிலேயே திரையில் காண 1975 வரை காத்திருந்தோம். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் எடுத்த ‘புதிய காற்று’ அவ்வாண்டில் வந்தது. கலைத் திறத்தில் அதனை ரைட்டின் படத்தோடு ஒரே தட்டில் வைக்க நான் துணியேன். ஆயினும் ரைட்டின் படத்தில் பேசாதிருந்த மக்கள் அதில் பேசினர். 2013இல் பாலாவின் ‘பரதேசி’ தமிழ்நாட்டுத் தேயிலைக் காடுகளின் கொடுமையைக் காட்டியபோது, ஹேவாஹெட்டைக் கதையையே நான் அதில் கண்டேன்.

இவையெல்லாம் ஏன் இன்று பேசப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். புதுப்படம் ஒன்று வந்தால் வசூல் எவ்வளவு, பாட்டு எப்படி, சண்டை எப்படி என்று மூன்று கேள்வியோடு விமர்சனம் முடிந்துவிடுகிற காலம் இது. வெண்டின் வாழ்க்கை இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது என்பது என் துணிபு. படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? திரையில் எவர் உழைக்கின்றனர்? அங்கே எவர் குரல் கேட்கிறது? இம்மூன்றையும் எனக்குக் கற்பித்தது அவருடைய படமே. அதே கேள்விகளை அப்படத்தின் மீதே தொடுப்பதனால் அவருக்கு அவமரியாதை செய்ததாக ஆகாது. தாம் மதித்த கலையிலே குறை காண அஞ்சாதவர் அவர்.

கண்டி இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இலங்கை கீதம்’ இன்று எளிதிற் காணக்கூடிய படம். ஒருமுறை அதன் நடனத்துக்காகப் பாருங்கள். மறுமுறை வெண்டின் குரலுக்காகப் பாருங்கள். மூன்றாம் முறை, வாணிகப் பகுதியில் கொழுந்து பறிப்போரின் முகங்களை மட்டும் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் தோட்டத்து நாட்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் எவரேனும் இருப்பின், அவர் பக்கத்தில் அமர்ந்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அப்படத்தின் மூன்றாம் பகுதிக்கு இன்னும் எழுதப்படாத வருணனை அங்கேதான் இருக்கிறது.